பூனைக்குட்டிகளின் நிறத்தையும் வரிக்கோலத்தையும் இனங்காணுதல்: முழுமையான வழிகாட்டி

தத்துக்கொடுக்கும் அறிவிப்பிலும் தடுப்பூசி அட்டையிலும் குட்டியின் நிறத்தை எழுத வேண்டியிருக்கும்போது, புதிதாகப் பணியில் சேர்பவர்கள் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும் வரிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். அதனால் ஒரே குட்டி முதல் வாரத்தில் ‘கருப்பு’ என்றும், ஆறாம் வாரத்தில் ‘சாம்பல் வரி’ என்றும், நான்காம் மாதத்தில் ‘பழுப்பு டேபி’ (டேபி என்பது வரிக்கோலமுள்ள பூனை) என்றும் பதிவாகி, இருந்தது ஒரு குட்டியா மூன்று குட்டிகளா என்ற குழப்பம் பின்னால் வருகிறது.

வரி கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் வெள்ளையைக் கழிக்க வேண்டும். பிறகு அடிநிறம் கருப்பா செவலையா என்று தீர்மானிக்க வேண்டும். அடுத்து அந்த நிறம் அடர்ந்ததா வெளிறியதா என்று பார்த்து, அதன் பிறகே வரி உண்டா, உண்டென்றால் எந்த வகை என்ற கேள்விக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படியும் அடுத்த படியை மறைத்துக்கொண்டிருப்பதை விலக்குவதால், இந்த வரிசையை மாற்றினால் விடையும் மாறிவிடும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

நேர் வெயில் படாத பகல் வெளிச்சம் முதல் தேவை. ஜன்னலோரமோ திண்ணையோ போதும். மஞ்சள் விளக்கின் கீழ் க்ரீம் நிறம் செவலையாகவும் சாம்பல் நிறம் பழுப்பாகவும் தோன்றும். கேமராவின் ஃப்ளாஷ் கருப்பு மயிரைப் பழுப்பாக்கிக் காட்டும். படம் எடுக்கும்போது குட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டால், படத்தின் நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்பவரும் கண்டுகொள்ளலாம்.

அழுக்கைத் துடையுங்கள். நிறுத்தி வைத்த வண்டிக்கு அடியில் பிறந்த குட்டியின் கால்களில் எண்ணெய்க் கறையும், விறகடுப்பின் அருகே வளர்ந்த குட்டியின் வயிற்றில் சாம்பலும் ஒட்டியிருக்கும். இவற்றால் வெள்ளைப் பாதம் சாம்பல் பாதமாகப் பதிவாவது அடிக்கடி நடப்பது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும், குளிப்பாட்ட வேண்டாம். முதல் சில வாரங்களில் குட்டிகளால் தங்கள் உடல் வெப்பத்தைத் தாமாகக் காத்துக்கொள்ள முடியாது என்பதால், தாயிடமிருந்து சில நிமிடங்களுக்கு மேல் பிரித்து வைக்கக் கூடாது.

குட்டியின் பாலினத்தையும் முன்பே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வாலைத் தூக்கிப் பார்த்தால், ஆண் குட்டியில் ஆசனவாய்க்கும் கீழுள்ள துளைக்கும் இடைவெளி அதிகமாகவும் இரண்டும் வட்டமாகவும் இருக்கும். பெண் குட்டியில் இடைவெளி குறைவாகவும் கீழுள்ளது சிறு பிளவு போலவும் இருக்கும். நிறத்துக்கும் பாலினத்துக்கும் பூனைகளில் நேரடித் தொடர்பு இருப்பதால், நான்காம் படியில் இது கட்டாயம் தேவைப்படும். தாய் கைக்கு எட்டுமானால் அதையும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துவையுங்கள்.

2. எந்த வயதில் எதைச் சொல்லலாம்

மயிரின் நுனிதான் முதலில் தோலுக்கு வெளியே வருகிறது. எனவே பிறந்த குட்டியில் நாம் பார்ப்பது மயிர் நுனிகளின் நிறத்தை மட்டுமே. டேபிப் பூனையின் மயிரில் நுனி கருமையாகவும் அதற்குக் கீழே வெளிர்ப்பட்டையும் இருப்பதால், பிறந்த சில நாட்களில் சில டேபிக் குட்டிகள் ஏறத்தாழக் கருப்பாகவே தெரிகின்றன. மயிர் நீளும்போதுதான் வெளிர்ப்பட்டை மேலே வந்து இடைநிறம், அதாவது வரிகளுக்கு இடையிலுள்ள நிறம், வெளிப்படுகிறது.

வரியின் வடிவத்துக்கு இது தலைகீழாகப் பொருந்தும். பிறந்த முதல் வாரத்தில் மயிர் குட்டையாக உடலோடு ஒட்டியிருப்பதால் முதுகிலும் விலாவிலும் உள்ள வரிகள் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். நான்காம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை குட்டி மயிர் பஞ்சு போலப் புசுபுசுவென்று எழும்பி, வரிகளின் ஓரங்கள் கலங்கிவிடும். ஆகவே வடிவத்துக்கான படத்தை முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டு, நிறத்துக்கான முடிவை எட்டு வாரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. நீளமயிர்க் குட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

கண் நிறத்தை அவசரப்பட்டு எழுத வேண்டாம். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கண் திறக்கும்போது எல்லாக் குட்டிகளின் கண்ணும் நீலம்தான். ஆறு, ஏழு வாரங்களில் மாறத் தொடங்கும் நிறம் நிலைபெற மூன்று மாதங்களுக்கு மேல் ஆகலாம். ‘நீலக்கண் குட்டி’ என்று ஐந்து வாரக் குட்டியை விளம்பரப்படுத்துவது, தெரிந்து செய்தால் ஏமாற்று.

3. முதலில் வெள்ளையைக் கழியுங்கள்

பூனையில் வெள்ளை என்பது ஒரு நிறம் அன்று. நிறமி செய்யும் செல்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேராததன் அடையாளம். கரு வளரும்போது இந்தச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவுகின்றன. அதனால் கடைசியாக எட்டும் இடங்களான பாதம், மார்பு, வயிறு, முகவாய் ஆகியவையே முதலில் வெள்ளையாக விடப்படுகின்றன. வெள்ளையைத் தேட வேண்டிய வரிசையும் இதுவே. முதுகில் வெள்ளை இருந்து வயிற்றில் இல்லை என்று தோன்றினால், தழும்போ கறையோ என்று மறுபடியும் பாருங்கள்.

வெள்ளைத் திட்டின் எல்லை பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. வயதோடு பரவாது, சுருங்காது. குட்டியை அடையாளம் காண இதைவிட நம்பகமான குறி வேறில்லை. மார்பில் ஒரு பொட்டு, நான்கு பாதங்களும் மார்பும், உடலில் பாதி, தலையும் வாலும் மட்டும் நிறமாகி மற்றவை வெள்ளை என்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிகழும் பெரிய தவறு, டேபிக் குட்டியின் வெளிர்ந்த முகவாயை வெள்ளைத் திட்டு என்று எழுதுவது. டேபிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் முகவாயிலும் மயிர் இயல்பாகவே வெளிறியிருக்கும். அது மங்கலான பால் நிறம்; ஓரம் கலங்கி அடுத்த நிறத்தோடு கலக்கும். உண்மையான வெள்ளைத் திட்டின் ஓரம் வெட்டியது போல இருக்கும், அதன் அடியிலுள்ள தோலும் இளஞ்சிவப்பாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. வெள்ளை மயிர் சூழ்ந்த மூக்கும் பாத மெத்தையும் எந்த அடிநிறத்திலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அடுத்த படிகளில் மூக்கு நிறத்தையும் பாத மெத்தையையும் சான்றாகக் கொள்ளப்போகிறோம். அந்தச் சான்று நிறமுள்ள மயிர் சூழ்ந்த இடங்களில் மட்டுமே செல்லும்.

குட்டி முழு வெள்ளையாக இருந்தால் உச்சந்தலையைப் பாருங்கள். பல வெள்ளைக் குட்டிகள் நெற்றிக்கு மேல் விரல் நுனி அளவு சாம்பல் அல்லது செவலைக் கறையோடு பிறக்கின்றன. ஓராண்டுக்குள் மறைந்துவிடும் இந்தக் கறைதான், வெள்ளைக்கு அடியில் மறைந்திருக்கும் நிறம் எது என்று சொல்லும் சாட்சி. முழு வெள்ளையும் நீலக் கண்களும் சேர்ந்த குட்டிகளில் காது கேளாமைக்கான வாய்ப்பு மிகுதி. எனவே குட்டி பார்க்காத பக்கத்திலிருந்து கைதட்டிச் சோதித்து, ஐயமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தத்தெடுப்பவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

4. அடிநிறம்: கருப்பா, செவலையா, இரண்டுமா

பூனை மயிரில் இரண்டே நிறமிகள். யூமெலனின் கருப்பையும் அதன் சாயல்களையும் தருகிறது. ஃபியோமெலனின் செவலையைத் தருகிறது. இந்தப் படியில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, குட்டியின் உடலில் மிகக் கருமையான மயிர் எந்த நிறம் என்பதுதான். இடைநிறத்தைப் பார்க்காதீர்கள். நம் ஊரின் சாதாரண வரிப்பூனையின் இடைநிறம் சிலவற்றில் நல்ல செம்பழுப்பாக இருப்பதால் அதை ‘ஆரஞ்சுப் பூனை’ என்று எழுதிவிடுகிறார்கள். வரியே கருப்பாக இருந்தால் அது கருப்பு அடிநிறப் பூனை; வரியும் செவலை, இடையும் வெளிர்ச் செவலை என்றால்தான் ஆரஞ்சு.

விரைவான சோதனை வால் நுனி. அங்கே வெள்ளைத் திட்டு இல்லாவிட்டால், கருப்பு அடிநிற டேபியின் வால் நுனி கருப்பாகவும், ஆரஞ்சுப் பூனையின் வால் நுனி செவலையாகவும் இருக்கும். பாத மெத்தையும் அப்படியே: முன்னதில் கருமை, பின்னதில் இளஞ்சிவப்பு. ஆரஞ்சுப் பூனைகளின் மூக்கிலும் உதட்டிலும் வயதாகும்போது வரும் கரும்புள்ளிகளைக் கண்டு குழம்ப வேண்டாம். மயிரின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

செவலையைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஏ.ஆர்.ஹெச்.ஜி.ஏ.பி.36 என்ற மரபணுவின் அருகே சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டிருப்பதே காரணம் என்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்திலும் இயங்கிய இரு குழுக்கள் 2025இல் வெளியிட்டன. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் அது கருப்பாகவோ செவலையாகவோ மட்டுமே இருக்க முடியும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் செவலையும் மற்றொன்றில் கருப்பும் இருந்தால், கரு வளரும்போது ஒவ்வொரு செல்லிலும் ஏதோ ஓர் எக்ஸ் அணைந்துவிடுவதால், உடலில் இரு நிறங்களும் திட்டுத்திட்டாகக் கலந்து வருகின்றன. அதுவே டார்ட்டி. அதோடு வெள்ளையும் சேர்ந்தால் காலிகோ, நாம் மூவண்ணப் பூனை என்பது. வெள்ளை கூடக்கூடத் திட்டுகள் பெரிதாகித் தெளிவாகப் பிரிவதால், வெள்ளையில்லாத டார்ட்டியில்தான் செவலையைக் கண்டுபிடிப்பது கடினம்.

பிறந்த டார்ட்டிக் குட்டிகள் பல, முதல் பார்வையில் வெறும் கருப்பாகத் தெரியும். கால் விரல்களுக்கு இடையில், நெற்றி நடுவில், முகவாயின் கீழ், வால் நுனியில் தேடுங்கள். ஒரே ஒரு விரலில் செவலை மயிர் இருந்தாலும் போதும். கருப்பும் இளஞ்சிவப்பும் கலந்த பாத மெத்தையும் ஒரு துப்புதான், சுற்றிலும் வெள்ளை இல்லாவிட்டால். மூவண்ணக் குட்டியை ‘ஆண்’ என்று யாராவது எழுதியிருந்தால் முதலில் பாலினத்தை மறுபடி பாருங்கள். ஒரு கூடுதல் எக்ஸ் கொண்ட ஆண்கள் உண்டு; ஆனால் ஆயிரக்கணக்கில் ஒன்று என்னும் அளவுக்கு அரிது.

வெயிலில் நெடுநேரம் கிடக்கும் கருப்புப் பூனையின் மயிர் நுனி துருநிறம் ஏறி, ‘சாக்லேட்’ என்று எழுதத் தூண்டும். மயிரை விலக்கி அடியைப் பாருங்கள். அடியும் மூக்கும் பாத மெத்தையும் கருப்பாக இருந்தால் அது கருப்புப் பூனையே. உண்மையான சாக்லேட்டில் இவை மூன்றுமே பழுப்புச் சாயலில் இருக்கும்.

5. அடர்ந்ததா, வெளிறியதா

எம்.எல்.பி.எச். என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தால் நிறமித் துகள்கள் மயிரில் சீராகப் பரவாமல் கொத்துக்கொத்தாகத் தங்கிவிட்டால், நிறமி குறையாமலே நிறம் வெளிறித் தெரியும். கருப்பு சாம்பலாகிறது, செவலை க்ரீமாகிறது, டார்ட்டி, சாம்பலும் க்ரீமும் கலந்ததாகிறது. பூனை வளர்ப்போர் இந்தச் சாம்பலை ‘நீலம்’ என்பார்கள். நம் பதிவில் சாம்பல் என்றே எழுதலாம், ஆனால் ஒரே சொல்லை எல்லோரும் எழுத வேண்டும்.

தெருவில் ‘சாம்பல் பூனை’ என்று சொல்லப்படுவனவற்றில் பெரும்பாலானவை சாம்பல் அல்ல. கருப்பு வரியும் மங்கிய பழுப்பு இடைநிறமும் தொலைவிலிருந்து கலந்து சாம்பலாகத் தெரிபவை. இங்கும் மிகக் கருமையான மயிரைத்தான் கேட்க வேண்டும். வரியும் வால் நுனியும் பாத மெத்தையும் சிலேட்டுச் சாம்பலாக இருந்தால்தான் அது வெளிறிய நிறம். எங்காவது நல்ல கருப்பு இருந்தால் அந்தப் பெயர் பொருந்தாது.

பிறக்கும்போதே சாம்பலாகவோ வெள்ளிப்பூச்சுப் பூசியது போலவோ இருக்கும் குட்டிகள் சில, உண்மையில் கருப்பாக இருக்கக்கூடும். சினைக்காலத்தில் தாய்க்குக் கடுங்காய்ச்சலோ பெருந்துன்பமோ நேர்ந்தால் வயிற்றிலுள்ள குட்டிகளின் மயிரில் நிறமி சரியாகப் படியாமல் போகும். இதைக் காய்ச்சல் மயிர் என்பார்கள். பிறந்த பிறகு வளரும் பகுதியில் நிறமி இயல்பாகப் படிவதால், மயிரை விலக்கிப் பார்த்தால் நுனி வெளிறியும் அடி கருமையாகவும் இருக்கும். சில மாதங்களில் இது உதிர்ந்து உண்மை நிறம் வந்துவிடும், குட்டிக்குக் கேடில்லை. இத்தகைய குட்டிக்கு ‘நிறம் பின்னர்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

6. ஒரே நிறமா, டேபியா

மயிர் ஒவ்வொன்றிலும் கருமையும் வெளிர்மையும் மாறிமாறிப் பட்டையிடுவதை அகூட்டி என்ற மரபணு இயக்குகிறது. அது இயங்கினால் டேபி. இயங்காவிட்டால் வரிகளுக்கு இடையிலும் கருமை நிரம்பி ஒரே நிறமாகத் தெரியும். ஆனால் வரிக்கான அமைப்பு எல்லாப் பூனைகளிலும் உண்டு என்பதால், ஒரே நிறக் கருப்புக் குட்டியின் மேலும் வெயிலில் மெல்லிய நிழல்வரி தெரியும். ‘டேபி’ என்று தவறாக எழுதப்படுபவற்றுள் இந்தக் குட்டிகளே அதிகம். ஓராண்டுக்குள் நிழல்வரி பெரும்பாலும் மறைந்துவிடும்.

எனவே வரியை வைத்துத் தீர்மானிக்காமல் வேறு சான்றுகளைப் பாருங்கள். காதின் பின்புறத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தது போன்ற வெளிர்ப்பொட்டு, கண்ணைச் சுற்றி வெளிர்வளையம், வெளிறிய முகவாய், கருங்கோடிட்ட விளிம்புக்குள் செங்கல் நிற மூக்கு. இவை இருந்தால் டேபி. மூக்கு முழுதும் கருப்பு, முகவாயும் கருப்பு, காதுப் பொட்டு இல்லை என்றால், முதுகில் எத்தனை நிழல்வரி தெரிந்தாலும் அது ஒரே நிறம்.

ஆரஞ்சுக்கும் க்ரீமுக்கும் இந்தச் சோதனையே வேண்டாம். அகூட்டி இயங்காவிட்டாலும் ஃபியோமெலனின் மயிரில் வரி மறைவதில்லை. அதனால் எல்லா ஆரஞ்சுப் பூனைகளும் பார்வைக்கு டேபிகளே. ‘வரியில்லாத ஆரஞ்சு’ என்று தோன்றும் குட்டி பெரும்பாலும் அடுத்த படியில் வரும் டிக்டு வகையாக இருக்கும்.

டார்ட்டியில் கருப்புத் திட்டுகளுக்குள்ளும் வரி இருந்தால் அது டார்பி. கருப்புத் திட்டுகள் வரியின்றி ஒரே கருப்பாக இருந்து, செவலைத் திட்டுகளில் மட்டும் வரி தெரிந்தால், அது டார்ட்டி என்ற பெயரிலேயே நிற்கும். இந்த இரண்டையும் கலந்து எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

7. எந்த வகை வரி

நெற்றியிலுள்ள எம் வடிவக் குறி, கண்ணோரக் கோடு, கால் வளையங்கள், வால் வளையங்கள் ஆகிய எவையும் வகையைச் சொல்லாது. ஏறத்தாழ எல்லா டேபிகளுக்கும் இவை உண்டு. முடிவு விலாவில்தான். குட்டி நேராக நிற்கும்போதோ நீட்டிப் படுத்திருக்கும்போதோ மட்டும் பாருங்கள். சுருண்டு கிடக்கும் குட்டியில் நேர்க்கோடு வளையமாகத் தெரியும். முதலில் மேலிருந்து முதுகு, பிறகு தோள், பிறகு இரண்டு விலாக்களும்.

மேக்கரல்: முதுகெலும்பின் மேல் ஒரே கருங்கோடு, அதிலிருந்து விலாவின் இருபுறமும் மெல்லிய வரிகள் மீன் முள்ளைப் போலக் கீழிறங்கும். ஆட்டோ நிறுத்தத்தில் படுத்திருக்கும் வரிப்பூனையை நினைத்தாலே இந்தக் கோலம் விளங்கும்.

கிளாசிக்: முதுகில் மூன்று கோடுகள் பக்கம் பக்கமாக ஓடும், தோளில் பட்டாம்பூச்சி இறகு விரித்தது போன்ற அகன்ற வடிவம், விலாவில் ஒரு பெரும் சுழியும் நடுவில் பொட்டும். வரிகள் அகன்றவை என்பதால் பிறந்த குட்டியில் முதுகே கருப்பாகத் தெரிந்து ‘கருப்புக் குட்டி’ என்று பதிவாகும் ஆபத்து இந்த வகைக்குத்தான் அதிகம். மேக்கரலையும் கிளாசிக்கையும் பிரிப்பது டேக்பெப் என்ற மரபணு. அதே மரபணுவின் மாற்றமே ஆப்பிரிக்காவின் ‘ராஜ சிவிங்கிப்புலி’யின் புள்ளிகளையும் அகன்ற பட்டைகளாக்குகிறது என்று 2012இல் கண்டறியப்பட்டது. கிளாசிக் ஒடுங்கு பண்பு என்பதால் தாய், தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் தெரியும்.

ஸ்பாட்டட்: விலாவில் வரிகள் உடைந்து புள்ளிகளாக நிற்கும். மேக்கரலுக்கும் இதற்கும் நடுவே கூர்மையான எல்லை கிடையாது. விலாவின் நடுப்பகுதியில் பெரும்பாலும் கோடாக இருந்தால் உடைந்த மேக்கரல் என்றும், பெரும்பாலும் தனிப்புள்ளியாக இருந்தால் ஸ்பாட்டட் என்றும் எழுதலாம். இரண்டு பேர் பார்த்து இரண்டு விடை சொன்னால் அதில் வியப்பில்லை. அதற்காக வாதிட்டு நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். புள்ளிகள் இருப்பதாலேயே குட்டியை ‘பெங்கால்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது சிறுத்தைப்பூனைக் கலப்பிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட தனி இனம். வம்சாவளிப் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

டிக்டு: விலாவில் வரியோ புள்ளியோ இல்லாமல், ஒவ்வொரு மயிரும் பட்டையிட்டு, மிளகுத்தூள் தூவியது போன்ற சீரான பரப்பு. முதுகுத்தண்டின் மேல் மட்டும் கருமை கூடியிருக்கும். இப்பண்பின் ஒரு பிரதி மட்டுமே உள்ள பூனைகளுக்குக் காலிலும் வாலிலும் கழுத்திலும் வளையங்கள் எஞ்சியிருக்கும். இரண்டு பிரதிகள் இருந்தால் அவையும் மங்கிவிடும். டி.கே.கே.4 என்ற மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என்பது 2021இல் தெரியவந்தது. மயிர்க்கால்கள் உருவாவதற்கு முன்பே கருவின் தோலில் இம்மரபணு வரிக்கான இடங்களைக் குறித்துவிடுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. வரி வயதோடு வடிவம் மாறாததற்கு அதுவே அடிப்படை.

அபிசீனியன் பூனையின் படத்தைப் பார்த்துவிட்டு டிக்டு என்றாலே அயல்நாட்டு இனம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. 1980களில் இலங்கையிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்ட சாதாரணப் பூனைகளிலிருந்து உருவாக்கிய ‘சிலோன்’ இனத்தின் கோலம் இதுவே. பிறந்த டிக்டுக் குட்டி கருத்த ஒரே நிறமாகத் தெரியும் என்பதால், ஆறாம் படியின் காதுப் பொட்டும் முகவாயும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. கரும்பு வெட்டும் காலத்தில் வயலில் கிடைக்கும் குட்டிகள் வீட்டுப்பூனையாக இல்லாமல் காட்டுப்பூனையாக இருக்கலாம். உடல் நீளத்துக்குக் குட்டையான வால், வால் நுனிப் பக்கம் மட்டும் கருவளையங்கள், நுனியில் சிறு கருமயிர்க் கொத்துள்ள செம்மை படர்ந்த காது, நீண்ட கால்கள் ஆகியவை சேர்ந்து தெரிந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். தாய் பெரும்பாலும் திரும்பி வரும். காட்டுப்பூனைகள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எடுத்து வளர்ப்பது குற்றம், வனத்துறைக்குச் சொல்வதே முறை.

8. வெள்ளி, புகை, முனைநிறம்

இவை அரிதாக வருவதால் கடைசியில் பார்த்தால் போதும். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட குட்டியின் முதுகு மயிரை ஊதி விலக்குங்கள். அடி வெள்ளை, நுனி கருப்பு என்று இருந்து, உடலில் வரியும் இருந்தால் வெள்ளி டேபி. வரி இல்லாவிட்டால் புகை. காய்ச்சல் மயிரில் இது நேர் எதிர்: அடி கருமை, நுனி வெளிறல். மயிரைப் பிரித்துப் பார்க்காமல் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க இயலாது.

முனைநிறக் குட்டிகள், அதாவது சயாமீஸ் வகை, பிறக்கும்போது ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். இவற்றின் நிறமியைச் செய்யும் நொதி குளிர்ந்த இடத்தில்தான் இயங்கும்; தாயின் வயிற்றில் சீரான வெப்பம் என்பதால் அங்கே நிறம் படிவதில்லை. பிறந்த முதல் சில வாரங்களில் காதோரம், மூக்கு, வால், பாதம் என்று குளிர்ந்த முனைகள் கருமையாகத் தொடங்கும். ஆகவே வெள்ளைக் குட்டி என்று எழுதும் முன் நான்கு வாரமாவது பொறுத்துக் காதோரத்தைப் பாருங்கள். முனைகளின் நிறத்துக்கு நான்காம் படி முதல் ஏழாம் படி வரை அனைத்தும் பொருந்தும். கருத்தடை அறுவைக்காக விலாவில் மழித்த இடத்தில் மயிர் கருமையாக முளைத்தால் அஞ்ச வேண்டாம். அந்த இடத்துத் தோல் சில காலம் குளிர்ந்திருந்ததன் விளைவு அது, அடுத்த மயிர் உதிர்வில் சரியாகும்.

9. தாயை வைத்துச் சரிபார்த்தல்

ஆண் குட்டிக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே ஆரஞ்சுத் தாயின் ஆண் குட்டிகள் எல்லாம் ஆரஞ்சு. செவலை கலவாத கருப்புத் தாய்க்கு ஆரஞ்சு ஆண் குட்டி பிறக்காது, முழு ஆரஞ்சுப் பெண் குட்டியும் பிறக்காது. டார்ட்டித் தாய்க்கு இரு நிறத்திலும் ஆண்கள் பிறக்கலாம். இந்தக் கணக்கில் வெள்ளையைச் சேர்க்காதீர்கள். முழு வெள்ளைப் பூனை தன் அடிநிறத்தை மறைத்து வைத்திருக்கிறது.

கருப்பு வெள்ளைத் தாயிடம் ஆரஞ்சுக் குட்டி பால் குடிப்பதைக் கண்டால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. தாயின் உடலில் எங்கோ சிறு செவலைத் திட்டு இருந்திருக்கலாம், அல்லது அது வெள்ளைக்கு அடியில் மறைந்திருக்கலாம். இன்னொன்று, அந்தக் குட்டி வேறு தாயுடையதாக இருக்கலாம். ஒரே இடத்தில் குட்டி போட்ட தாய்கள் குட்டிகளைக் கலந்து பாலூட்டுவது வழக்கமே. குட்டிகளின் வயதும் எடையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

தந்தையைப் பற்றிக் கணக்குப் போடும்போது, ஒரே ஈற்றின் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ‘ஒன்று இப்படியென்றால் மற்றதும் இப்படித்தான்’ என்ற வாதம் பூனைகளிடம் செல்லாது. இரு சாம்பல் பெற்றோருக்கு அடர்கருப்புக் குட்டி பிறக்காது. ஆனால் இரு கருப்புப் பெற்றோருக்குச் சாம்பல் குட்டி பிறக்கலாம். கிளாசிக் இரண்டு சேர்ந்தால் மேக்கரல் பிறக்காது. மேக்கரல் இரண்டுக்குக் கிளாசிக் பிறக்கலாம்.

10. பதிவில் எழுதும் முறை

அடிநிறம், வரிவகை, வெள்ளையின் இடம், மயிர் நீளம் என்ற வரிசையில் எழுதுங்கள். ‘கருப்பு மேக்கரல் டேபி, நான்கு பாதமும் மார்பும் வெள்ளை, குட்டை மயிர்’ என்றால் பார்க்காதவருக்கும் புரியும். பூனைச் சங்கங்களின் வழக்கில் கருப்பு டேபி ‘பழுப்பு டேபி’ எனப்படுகிறது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதிவையுங்கள். ‘பெர்சியன்’, ‘சயாமீஸ்’ போன்ற இனப்பெயர்கள் நிறப் பத்தியில் வரக் கூடாது.

படங்கள் ஐந்து வேண்டும்: மேலிருந்து முதுகு, இடது விலா, வலது விலா, வயிறு, பாத மெத்தை. இரு விலாக்களின் வரிகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. இடப்பக்கப் படம் மட்டும் வைத்திருந்தவர், காணாமல் போய்த் திரும்பிய குட்டியின் வலப்பக்கத்தைப் பார்த்து இது நம்முடையது அல்ல என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு.

முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்திலும், அடுத்தவை மூன்று, நான்கு வார இடைவெளியில் நான்காம் மாதம் வரையிலும் போடப்படுவதால், நிறத்தை மறுபடி பார்க்கத் தனியாக நாள் குறிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஊசியின்போதும் காதுப் பொட்டையும் வால் நுனியையும் மயிரடியையும் பார்த்துவிடலாம். பதிவை மாற்ற நேர்ந்தால் பழையதை அழிக்காமல் ஒரு கோடிட்டு, புதியதைத் தேதியோடு பக்கத்தில் எழுதுங்கள். முதல் ஊசியில் ‘கருப்பு’ என்று எழுதப்பட்ட குட்டியும் மூன்றாம் ஊசியில் ‘கருப்பு டிக்டு டேபி’ என்று எழுதப்பட்ட குட்டியும் ஒன்றே என்பது அப்போதுதான் மருத்துவருக்கும் தத்தெடுப்பவருக்கும் தெரியும்.